பிடி என்று காதில் விழுந்தது

எங்கள் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் ஆறு நிமிடம் உடற்பயிற்சி உண்டு. கழுத்தைத் திருப்புவது, தோளைச் சுழற்றுவது, குனிந்து நிமிர்வது, கடைசியாகப் பத்துக் குதிப்பு. கையைத் தலைக்கு மேல் தூக்கி, காலை அகட்டிக் குதித்து, மறுபடி சேர்த்துக் குதிக்க வேண்டும். மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிடுவேன். அந்தப் பத்துக் குதிப்பில்தான் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. மூன்று வருடம் சுற்றி வளைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டாவது பிரசவம் நீண்ட பிரசவம், பெரிய குழந்தை. அதற்குப் பிறகு தும்மினால், இருமினால், தாளிப்பில் மிளகாய் கமறினால் உள்ளாடை நனையும். பெண்கள் சேர்ந்து பேசும்போது யாராவது சிரிப்பு மூட்டினால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்குத் தலைக்கனம் என்று சிலர் சொன்னதும் காதுக்கு வந்தது. தலைக்கனம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் மோட்டார் சைக்கிளுக்கான மீட்டர் பூட்டுகிறவர்கள். லைனில் நாற்பது பேர். அதில் முப்பது பேருக்கு மேல் பெண்கள். சீருடை வெளிர் சாம்பல் நிறச் சட்டை, அதே நிறப் பேன்ட். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் கட்டாயம் ஓர் ஆணாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பொத்தான் அளவுக்குக் கறுத்துத் தெரியும். அதனால் உடற்பயிற்சியின்போது நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். குதிப்பு வந்ததும் குதிகாலை மட்டும் லேசாக எழுப்பி இறக்குவேன். கையை மட்டும் மற்றவர்களைவிட உயரமாக வீசுவேன். கையைப் பார்ப்பவர்கள் காலைப் பார்ப்பதில்லை.

இப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் போன வருடம் ஒரு நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். சேலத்துக்காரர், அதட்டாமல் வேலை வாங்குகிற மனிதர்.

"நாலு மாசத்துல உங்க லீடர் வேற பிளான்ட்டுக்குப் போறாரும்மா. அடுத்த லைன் லீடர் நீதான்னு சொல்லி வெச்சிருக்கறேன். ரிப்போர்ட் எழுதறது, மீட்டிங் எல்லாம் நீ பாத்துக்குவே. காலையில முன்னாடி நின்னு எக்சர்சைஸ் எடுக்கோணும், அவ்வளவுதான்."

அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அதுதான் எல்லாமும். எங்கள் லைனில் அதுவரை பெண் லீடர் கிடையாது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, கான்ட்ராக்டில் சேர்ந்து, நிரந்தரமாகி, கண்ணை மூடிக்கொண்டு மீட்டரைப் பூட்டும் அளவுக்கு வேலை கற்றவள் நான். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டேன். முப்பது பெண்களையும் ஆண்களையும் பார்த்து நின்று, வெளிர் சாம்பல் பேன்ட்டோடு, பத்து முறை குதிக்க வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு நேராகக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

வீட்டுக்காரரிடம் அன்று சொன்னேன். அவர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறார். "மூணு வருசமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "லேத்துல எண்ணெய் கசிஞ்சாக்கூட அன்னைக்கே சீல் பாத்துருவேன். நீ என்னத்தா மூணு வருசம்?" என்றார். அது ஆறுதலா திட்டா என்று தெரியவில்லை. அடுத்த வார விடுமுறையில் ஓசூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கவில்லை, சிறுநீரில் கிருமி இல்லை, பெல்விக் ஃப்ளோர் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எனக்கு ஃப்ளோர் என்றால் தொழிற்சாலையின் ஷாப் ஃப்ளோர்தான். முழித்தேன். "இடுப்போட அடித்தளம்மா. தசை. அதுக்குப் பயிற்சி இருக்கு" என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்.

கீழே இயன்முறை சிகிச்சை தரும் பெண் இருந்தாள். சின்னப் பெண், ஆனேக்கல் பக்கமிருந்து தினமும் வந்து போகிறவள். வீட்டு மொழி கன்னடம். தமிழ் பாதி வரும், மீதிக்குக் கன்னடத்தையே போட்டு நிரப்புவாள். ஆனால் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். தன் துப்பட்டாவின் ஒரு முனையை என் கையில் தந்து, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். துணி நடுவில் தொட்டில்போல் தொங்கியது.

"நீங்க பிடிச்சது முன்னாடி எலும்பு மேடம். நான் பிடிச்சது பின்னாடி, வால் எலும்பு. நடுவுல தொங்குறதுதான் மசல். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் இது மேலதான் உக்காந்திருக்கு."

மூன்று வாசலும் அந்தத் தசையினூடேதான் கீழே வருகின்றனவாம். இருமும்போது வயிற்றிலிருந்து அழுத்தம் கீழே பாய்கிறது. தசை சரியாக இருந்தால் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பே தானாக இறுகி வாசலை மூடிவிடும். எனக்குப் பிரசவத்தில் அது இழுபட்டுத் தளர்ந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற எனக்கு, முப்பத்தாறு வயதில், என் உடம்புக்குள் அப்படி ஒரு தசை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. பள்ளியில் தவளையின் உள்ளுறுப்புகளைக்கூட வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்.

பயிற்சி எளிது. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, உள்ளே மேல்நோக்கித் தூக்க வேண்டும். தொடையை இறுக்கக் கூடாது, பிட்டத்தை இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் கூடாது. என்னைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, எண்ணத் தொடங்கினாள்.

"ஹிட்கொள்ளி மேடம்... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... பிடி... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஹிட்கொள்ளி... பிடி..."

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஓசூர் வந்த புதிதில் நானாகவே ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தேன். தமிழில் 'ப' என்று தொடங்குவது கன்னடத்தில் 'ஹ' ஆகும். பால், ஹாலு. பூ, ஹூவு. பல், ஹல்லு. இந்த ஒரு சூத்திரத்தை வைத்துக்கொண்டு கடைவீதியில் பேரம் பேசுவேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் எனக்குக் கன்னடம் தெரியும் என்று பீற்றிக்கொள்வேன். ஆகவே ஹிட்கொள்ளி என்றால் பிடித்துக்கொள் என்று உடனே புரிந்தது. பாவம், எனக்காகக் கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்கிறாள் என்று நினைத்தேன். மேடம் மேடம் என்கிறவள் 'பிடிங்க' என்று சொல்லாமல் 'பிடி' என்கிறாளே என்று சின்ன உறுத்தல். அரைகுறைத் தமிழ்தானே, போகட்டும் என்று மன்னித்தேன்.

முதல் ஐந்துக்குப் பிடிக்க வேண்டும். 'பிடி' என்றதும் அடுத்த ஐந்துக்கு இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நான் புரிந்துகொண்டது இது. அன்று என் தசைக்கு ஐந்து எண்ணுகிறவரை நிற்கவே தெம்பில்லை, தானாக நழுவிவிட்டது. நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று அவள் நினைத்தாள். என்னால் முடியவில்லை என்று நான் நினைத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் காத்திருந்தார். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி வைத்தேன்: ஹிட்கொள்ளி ஐந்து, பிடி ஐந்து.

நான் எதையும் அரைமனதாகச் செய்கிறவள் இல்லை. மூன்று வேளை சொன்னாள், நான் ஆறு வேளை செய்தேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து பிடித்தேன். அரிசி களையும்போது பிடித்தேன். லைனில் நின்று திருகு முடுக்கிக்கொண்டே பிடித்தேன். பத்து முடிந்த பிறகும், இன்னும் கொஞ்சம் பிடித்தால் இன்னும் சீக்கிரம் சரியாகும் என்று பிடித்துக்கொண்டே இருந்தேன். கூடவே தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். அது நானாகச் சேர்த்துக்கொண்ட வைத்தியம்.

நான்காவது வாரத்தில் அடிவயிற்றில் ஒரு கனமான வலி தொடங்கியது. சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் உடனே வராது, காத்திருக்க வேண்டும். லைனில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். அவளை நிறுத்திவிட்டுப் போய், வராத சிறுநீருக்காக உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட இம்சை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் நிற்கிறவள் கதவைத் தட்டுவாள். வராமல் எழுந்து வந்து, திரும்பி லைனில் நின்று ஒரு தும்மல் போட்டால் அப்போது மட்டும் வரும். முன்னைவிட அதிகமாகவே வந்தது. என் உடம்பின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஐந்தாவது வாரம், லீடர் வேலை எனக்கு வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட முடிவு செய்தேன். வீட்டில் பிள்ளைகள் சின்னவர்கள், முடியாது சார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அதைச் சொல்லப் போன காலையில்தான் அந்தப் போக்குவரத்துக் காவலரைப் பார்த்தேன்.

எங்கள் வீடு மாநில எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில். கம்பெனி பஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து வரும். அங்கே ஏறுகிற ஓர் அக்கா எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பார். லைனில் என் அடுத்த இடம் அவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பிள்ளைகள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். அன்று நான் ஏறிய சற்று நேரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வண்டிகள். அந்தப் பக்கத்துக் கர்நாடகக் காவலர் ஒருவர் நடுவில் வந்து நின்று, கையை வீசி வீசிக் கத்தினார்.

"பிடி! பிடி! பைக் பிடி, பஸ் பிடி!"

யாரைப் பிடிக்கச் சொல்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் யாரையும் பிடிக்கவில்லை. பைக்குகள் நழுவிப் போயின. எங்கள் பஸ்ஸும் நகர்ந்தது.

"என்னக்கா இவரு, பிடி பிடின்னு கத்திக்கிட்டே எல்லாரையும் விடுறாரு?"

"விடச் சொல்லித்தாம்மா கத்தறாரு. பிடின்னா விடுங்கன்னு அர்த்தம். உங்க தமிழ்ப் பிடி இல்ல. உதட்ட அமுத்திச் சொல்லணும், பஸ்சுக்கு வர்ற ப."

"அப்ப பிடிக்கிறதுக்கு?"

"ஹிடி. ஹிட்கொள்ளி."

தமிழ் 'வ' கன்னடத்தில் அந்த அழுத்தமான 'ப' ஆகும். வா, பா. வேண்டாம், பேட. வெல்லம், பெல்ல. தினமும் நூறு முறை காதில் விழுகிற சொற்கள். என் சூத்திரத்தின் அடுத்த பாதி கண் முன்னாலேயே கிடந்திருக்கிறது, நான்தான் குனிந்து எடுக்கவில்லை. விடு, பிடு. விடுங்கள், பிடி. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். ஐந்து வாரமாக அவள் விடச் சொன்ன இடத்திலெல்லாம் நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

"இன்னாம்மா ஆச்சு? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்ச்சு?"

யாரிடமும் சொல்லாததை அந்த அக்காவிடம் சொன்னேன். குதிப்பு, கசிவு, துப்பட்டா, ஹிட்கொள்ளி, பிடி எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். அவர் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு பொத்திய கைக்கு மேலாகச் சிரிப்பு வெடித்தது. "அஞ்சு வாரமா விடவே இல்லியா நீ?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன், நனைந்தும் விட்டேன். திடீரென்று அவர் ஒரு காலை மறு காலின் மேல் போட்டுக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார். நடைவழிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போய் அந்தப் பொண்ணப் பாரு மொதல்ல" என்றார்.

அன்று சூப்பர்வைசரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

சிகிச்சை தரும் பெண் விஷயத்தைக் கேட்டதும் "அய்யோ மேடம், அய்யோ மேடம்" என்று தலையில் கை வைத்தாள். அவள் சிரிக்கவில்லை; கண் கலங்கிவிட்டது. தப்பு அவளுடையது என்று நினைத்துக்கொண்டாள். தப்பு என் சூத்திரத்தின் மேல் என்று நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. எப்போதும் இறுகியே இருக்கிற தசை களைத்துப்போகும், இருமும்போது மேலும் இறுக அதனிடம் மிச்சம் இருக்காது, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவும் செய்யாது என்று விளக்கினாள். திருகு முடுக்குகிற எனக்கு இது புரியாமல் இல்லை. டார்க், அதாவது முடுக்கும் விசை, குறைந்தாலும் ரிஜெக்ட், கூடினாலும் ரிஜெக்ட். அளவுக்கு மேல் முடுக்கினால் மரை தேய்ந்து, திருகு எதையும் பிடிக்காது.

இரண்டு வாரம் இறுக்கவே கூடாது என்றாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உப்ப வேண்டும், அந்தத் தசை கீழே தளர்ந்து விரிய வேண்டும். மூச்சை வெளியே விடும்போது அதுவாகக் கொஞ்சம் ஏறும். அதைக் கவனித்தபடி படுத்திருந்தால் போதும். கேட்க எளிதாக இருந்தது. செய்யத்தான் வரவில்லை. படுத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லை. விட்டுவிட்டேன் என்று நினைத்தபோதெல்லாம் ஒரு மூலையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தாடையைத் தளர்த்துங்கள் மேடம், தோளைத் தளர்த்துங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி, ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, கீழே ஏதோ இறங்கியது தெரிந்தது. அடுத்த நாள் கழிப்பறையில் காத்திருக்காமல் சிறுநீர் வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்படி ஒன்றுக்குச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் பயிற்சியை முறையாகத் தொடங்கினேன். ஐந்து எண்ணிக்கை பிடி, ஐந்து எண்ணிக்கை விடு. பிறகு எட்டு. நடுவில் வேகமாகச் சில: பிடித்தவுடன் விடு. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு சொல்லும்போதே ஒருமுறை இறுக்கப் பழகினேன். தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பத் தொடங்கினேன். முதல் ஒரு மாதம் பெரிய மாற்றம் இல்லை. பிறகு ஒரு நாள் தாளிப்பில் இருமினேன்; நனையவில்லை. இருமி முடித்து அடுப்படியில் சந்தேகத்தோடு நின்றிருந்தேன். எண்ணெய் புகைந்துவிட்டது.

லீடர் போன மறுநாள் நான் முன்னால் நின்றேன். உள்ளே ஒரு நாப்கின் வைத்திருந்தேன். நம்பிக்கை வேறு, முன்னெச்சரிக்கை வேறு. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் முடிந்தது. குதிப்பு வந்தது. சத்தமாக எண்ணினேன். ஒவ்வொரு முறையும் கால் தரையிலிருந்து எழும்புமுன் இறுக்கி, இறங்கியதும் விட்டேன். ஆறு வரை ஒன்றுமில்லை. எட்டில் ஒரு சொட்டு வந்திருக்கலாம், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் என்னை மறந்து வேறொன்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

கால்களைப் பார்த்தேன். இத்தனை வருடம் கடைசி வரிசையில் முதுகுகளையே பார்த்து நின்றவள் நான். முன்னால் நின்றால்தான் கால்கள் தெரிகின்றன. இரண்டாம் வரிசையில் ஒருத்தியின் ஷூ தரையை விட்டு எழவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் குதிகாலை மட்டும் தூக்கி இறக்கினாள். தூணுக்குப் பக்கத்தில் நான் விட்டு வந்த இடத்தில் புதிதாக ஒருத்தி நின்றிருந்தாள். எண்ணினேன், ஏழு பேர். ஏழு பேரும் கையை மட்டும் மற்றவர்களைவிட உயரமாக வீசினார்கள். எல்லாரையும்விட உயரமாக வீசியது எனக்கு பஸ்ஸில் இடம் போடுகிற அக்கா.

டீ இடைவேளையில் கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, எத்தனை வருசமா?"

என்ன என்று கேட்கவில்லை. குழாயை மூடினார். "மூணாவது பொறந்ததுலேந்து. பதினேழு வருசம்."

"அன்னைக்கு பஸ்ல அப்பிடிச் சிரிச்சீங்களேக்கா."

"சிரிக்காம இன்னா பண்றது? நீ சொல்லிட்ட. எனக்கு வாய் வரல."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அழுகையெல்லாம் பிடிக்காது. "லீடரம்மா அழுவுறாங்கோ" என்று கேலி செய்தார். இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். எந்தத் தசை, எப்படி என்று காதோடு சொன்னேன்.

"ஹிட்கொள்ளி" என்றேன். ஐந்து எண்ணினேன். அவர் முகம் இறுகியது, தோளும் ஏறியது.

"பிடி" என்றேன்.

"பஸ்சுக்கு வர்ற ப" என்று திருத்தினார். உதட்டை அழுத்தி மறுபடி சொன்னேன். அவர் மூச்சை வெளியே விட்டார். தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின.